ரூபாய் விழுகிறது: அடி யார் தலையில்?

டாலர் ஒன்றுக்குத் தொண்ணூறு ரூபாய்! 2025 டிசம்பர் 3ஆம் நாள் நம் நாட்டு நாணயம் முதன்முறையாக இந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிற்று. இரண்டு வாரம் ஆவதற்குள் தொண்ணூற்றொன்றையும் தொட்டுவிட்டது. அதற்கு ஐந்தே நாள் முன்னதாக, நவம்பர் 28ஆம் நாள், டில்லி சர்க்கார் வேறொரு கணக்கை வெளியிட்டிருந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்தில் நாட்டின் பொருளாதாரம் நூற்றுக்கு 8.2 வளர்ந்ததாம். ஒரே வாரத்தில் இரண்டு செய்தி. நாடு வளர்கிறது என்பது ஒன்று. நாணயம் தேய்கிறது என்பது மற்றொன்று. எதை நம்புவது?

மூன்றாவது செய்தி ஒன்றும் அதே வாரத்தில் வந்தது. அதைப் பலர் கவனிக்கவில்லை. டிசம்பர் 5ஆம் நாள் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது. வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை 5.25 ஆக்கிற்று. நாணயம் விழும் நாட்டில் வட்டியைக் கூட்டுவதுதான் வழக்கம். கூட்டினால் வெளிநாட்டுப் பணம் வட்டிக்கு ஆசைப்பட்டு இங்கே தங்கும், நாணயம் நிற்கும். 2013இல் ரூபாய் அறுபத்தெட்டுக்கு விழுந்தபோது அப்படித்தான் செய்தார்கள். இம்முறை ஏன் குறைத்தார்கள்? நாணயம் விழுவதைக் காட்டிலும் தொழில் படுத்துவிடுமோ என்ற அச்சம் பெரிதாக இருந்தது என்றுதான் நாம் இதைப் படிக்கிறோம். வாயால் 8.2 என்று சொன்னார்கள். கை வேறு ஒன்றைச் சொல்லிற்று. வாயைவிடக் கையைப் பார்ப்பதே தொழிலாளிக்கு நல்லது.

மீமிசல் கடைத்தெருவில் இதைப் படிக்கும் தோழர் ஒருவர் கேட்கலாம்: "டாலரை நாம் கண்ணால் பார்த்ததுண்டா? அது தொண்ணூறுக்குப் போனால் என்ன, நூறுக்குப் போனால் என்ன? நம் கூலி ரூபாயில். நாம் வாங்கும் அரிசி ரூபாயில்." நியாயமான கேள்வி. ஆனால் தமிழ்நாட்டின் கடற்கரையில் மீமிசலைப் போல டாலரோடு கட்டுண்ட ஊர்கள் அதிகமில்லை. கட்டுமாவடியிலிருந்து தெற்கே நீளும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை 42 கிலோமீட்டர்தான். அந்தச் சின்னக் கரைக்குள் எத்தனை டாலர் வந்து போகிறது என்று பாருங்கள்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் முதலாவது. உப்புநீர்க் கழியை ஒட்டி வெட்டியிருக்கும் இறால் பண்ணைகள் இரண்டாவது. அந்த இறால் இங்கே தின்பதற்கு வளர்வதல்ல. ஐஸில் ஏறி அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் போவது. மூன்றாவது, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளிலிருந்து போகும் விசைப்படகு குடிக்கும் டீசல். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து டாலர் கொடுத்து வாங்குகிறோம். நாலாவது சமையல் எண்ணெய். பாதிக்கு மேல் இறக்குமதி. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரப்பட்ட பாமாயில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காய்த்தது. ரூபாய் விழுந்தபோதெல்லாம் கடை விலை அப்படியே நின்றது; மாநிலக் கருவூலம் அந்த வித்தியாசத்தைச் சுமந்தது. ஐந்தாவது வயலுக்குப் போடும் பொட்டாஷ். அதில் ஒரு பிடிகூட இந்த மண்ணில் தோண்டியதல்ல.

ஆக, டாலரை நாம் பார்க்காவிட்டாலும் டாலர் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கே ஒரு சிறு திருத்தம். மேடையில் பேசும் இளந்தோழர்கள் சிலர், "1947இல் ஒரு டாலருக்கு ஒரு ரூபாய், இன்று தொண்ணூறு" என்று முழங்குகிறார்கள். கைதட்டல் கிடைக்கிறது, ஆனால் அது கட்டுக்கதை. விடுதலை பெற்ற ஆண்டில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய மூன்று ரூபாய் முப்பது காசு. நம் ரூபாய் அன்று பிரிட்டிஷ் பவுனோடு கட்டப்பட்டிருந்தது. 1949 செப்டம்பரில் லண்டன்காரன் தன் பவுனைக் குறைத்தான். கூடவே ரூபாயும் இறங்கி டாலருக்கு 4 ரூபாய் 76 காசு ஆயிற்று. உண்மைக் கணக்கே போதுமான அளவு கசப்பாக இருக்கும்போது பொய்க் கணக்கு நமக்கு எதற்கு? எதிரி அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மீதி அத்தனையையும் தள்ளிவிடுவான்.

ரூபாய் விழுந்தால் நல்லது என்று சொல்லும் பொருளாதாரப் புலிகளும் உண்டு. அவர்கள் வாதம் இது: ரூபாய் விழுந்தால் நம் சரக்கு வெளிநாட்டானுக்கு மலிவாகும், அதிகம் வாங்குவான், ஏற்றுமதி பெருகும், வேலை பெருகும். ஏட்டில் படிக்க அழகாக இருக்கிறது. மீமிசல் இறால் குட்டையில் இதை உரைத்துப் பார்ப்போம்.

2024-25ஆம் ஆண்டில் இந்தியா 62,408 கோடி ரூபாய்க்குக் கடல் உணவு ஏற்றுமதி செய்தது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைய வைத்த இறால். பெரிய வாடிக்கைக்காரன் அமெரிக்கா. அந்த வாடிக்கைக்காரன் 2025 ஆகஸ்டு 27 முதல் நம் சரக்கின்மீது நூற்றுக்கு ஐம்பது வரி போட்டான். இறாலுக்கு முன்பே இருந்த தண்ட வரிகளையும் சேர்த்தால் ஐம்பத்தெட்டை எட்டிற்று. போட்டிக்கு நிற்கும் ஈக்வடார் நாட்டுக்கோ பதினைந்துதான். அந்த ஆண்டு முழுவதும் ரூபாய் இறங்கியது நூற்றுக்கு ஐந்து அளவு. ஐந்து ஆதாயம், ஐம்பது வரி! இறங்கிய ரூபாய் எந்த மூலைக்குக் காணும்? வரி பின்னால் ஏறுவதும் இறங்குவதும் வாஷிங்டன் பேரத்தைப் பொறுத்தது. ஆனால் அந்த மாதங்களில் குட்டையில் இருந்த இறால் வாஷிங்டனின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்குமா? வளர்ந்ததைப் பிடித்தாக வேண்டும். பிடித்ததைச் சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று. இன்று பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் நம் கடலின் இறால் அல்ல. 2009 முதல் அனுமதிக்கப்பட்ட வன்னாமி. அதன் தாய் இறால் அமெரிக்கா முதலான நாடுகளிலிருந்து விமானத்தில் வந்து, சென்னையில் நோய்ச் சோதனைக்காகத் தனித்து வைக்கப்பட்டு, பிறகுதான் குஞ்சுப் பண்ணைக்குப் போகிறது. அதற்கு விலை டாலரில். ரூபாய் விழுந்தால் விற்கும் இறாலுக்கு நாலு காசு கூடும் என்கிறார்கள். வாங்கும் தாய் இறாலுக்கும் கூடுவதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஆக, பண்ணை முதலாளிக்கே கணக்கு இழுபறி. பண்ணையில் இரவுக் காவல் காப்பவனுக்கு? வலை இழுப்பவனுக்கு? பதனிடும் கம்பெனியில் கை மரத்துப்போக ஐஸில் நின்று இறால் உரிக்கும் பெண்ணுக்கு? டாலர் எழுபதாக இருந்தபோதும் அவளுக்கு உரித்த எடைக்குத்தான் கூலி. தொண்ணூறானபோதும் உரித்த எடைக்குத்தான் கூலி. ஏற்றுமதி பெருத்தால் அவள் கூலி தானாகப் பெருப்பதில்லை. ஏற்றுமதி சுருங்கினால் மட்டும், "நாளை வரவேண்டாம்" என்ற சொல் தவறாமல் வந்து சேருகிறது.

இந்தத் தடவை கவனிக்க வேண்டியது இதுதான். ரூபாய் விழுந்தால் விலைவாசி ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் 2025 அக்டோபரில் விலைவாசி உயர்வு நூற்றுக்குக் கால்தான் என்று சர்க்கார் கணக்குச் சொல்லிற்று. காய்கறி விலை சரிந்திருந்தது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெயும் மலிவாகக் கிடைத்தது. அதைக் காட்டி, "ரூபாய் விழுந்தும் விலை ஏறவில்லை பார்த்தீர்களா" என்று கேட்டார்கள். நாம் சொல்லும் பதில்: இம்முறை முதல் அடி விலையில் விழவில்லை, வேலையில் விழுந்தது. திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் கடற்கரை இறால் கொட்டகையிலும் ஆர்டர் குறைந்தது. எண்ணெய் விலை ஏறும் நாளில் இரண்டாம் அடி வரும்; அப்போது வேலையும் குறைந்திருக்கும், விலையும் ஏறியிருக்கும். மந்தம் என்று பட்டணத்து ஏடுகள் எழுதுவதற்கு ஆறு மாதம் முன்பே கூலிக்காரன் வீட்டில் மந்தம் வந்துவிடுகிறது.

வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளுக்கு இது நல்ல காலமல்லவா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் பல வீடுகளின் அடுப்பு அந்தப் பணத்தில்தான் எரிகிறது. துபாயின் திர்ஹாமும் சவூதியின் ரியாலும் டாலரோடு இறுகக் கட்டப்பட்டவை, டாலருக்கு 3.67 திர்ஹாம், 3.75 ரியால். ஆகையால் டாலர் ஏறினால் அவையும் அதே அளவு ஏறும். மாதம் 800 திர்ஹாம் அனுப்பும் ஒரு தோழரை வைத்துக்கொள்வோம். 2013 ஆகஸ்டில் அது வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சுமார் 15,000 ரூபாய். 2025 டிசம்பரில் சுமார் 19,600. மூன்றில் ஒரு பங்கு அளவு கூடிற்று. இதே காலத்தில் நாட்டின் விலைவாசி நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஏறிவிட்டது. கூடியதாகத் தோன்றும் பணம் உண்மையில் குறைந்திருக்கிறது.

தங்கத்தில் வைத்துப் பாருங்கள்; நம் பெண்களுக்கு அதுதான் புரிந்த கணக்கு. 2013 ஆகஸ்டில் ஒரு பவுன் முப்பதாயிரத்தை எட்டவில்லை. அந்தத் தோழர் ஒரு மாதம் அனுப்பிய பணத்தில் அரைப் பவுன் வாங்கலாம். 2025 டிசம்பரில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. ஐந்து மாதம் அனுப்பினாலும் ஒரு பவுன் தேறாது. தங்கம் ஏறியதற்கு ரூபாய் மட்டும் காரணமல்ல, உலகெங்கும் ஏறிற்று. ஆனால் மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கப் போனவனிடம் கடைக்காரர் அந்தக் காரணங்களைப் பிரித்துச் சொல்லித் தள்ளுபடி தரப்போவதில்லை.

மலேசியா போனவர்கள் கதை வேறு. அங்கே ரிங்கிட் டாலரோடு கட்டப்பட்டதல்ல. 2024 பிப்ரவரியில் அது டாலருக்கு 4.80 அளவுக்கு விழுந்து, 1998க்குப் பிறகு காணாத தாழ்வைக் கண்டது. இங்கே ரூபாய் விழ, அங்கே ரிங்கிட்டும் விழ, நடுவே இருந்தவனுக்கு மிஞ்சியது என்ன? வளைகுடாவும் நிரந்தரமல்ல. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர் வரை விமானங்களில் திரும்பி வந்தார்கள். பலர் சம்பளப் பாக்கியையும் சேமிப்பையும் அங்கேயே விட்டு வந்தவர்கள். வெளிநாடு போவதற்கு வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் ஊரில் பத்திரமாகக் காத்திருந்தது.

அந்தக் குவைத் நெருக்கடிதான் 1991இன் தொடக்கம். எண்ணெய் விலை ஏறிற்று, அனுப்பும் பணம் நின்றது, நாட்டின் கையில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி இருந்தது. ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கத்தைக் கப்பலேற்றாத குறையாக விமானத்தில் ஏற்றி அடகு வைத்து, 40 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். ஜூலை 1ஆம் நாளும் 3ஆம் நாளும் இரண்டு தவணையில் ரூபாயைக் குறைத்தார்கள். தாலியை அடகு வைத்த குடும்பத்தின் நிலைதான். இன்று அந்த நிலை இல்லை. 2025 முடிவில் 65,000 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருந்தது. இதையும் நாம் சொல்லியாக வேண்டும். பயம் காட்டுவது நம் வேலையல்ல.

1966 வேறு. அது தானாக விழுந்ததல்ல, வெட்டப்பட்டது. ஜூன் 6ஆம் நாள் நிதி மந்திரி திரு. சச்சீந்திர சவுத்ரி அறிவித்தார்: டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் இனி 7.50. ரூபாயின் மதிப்பு 36.5 விழுக்காடு குறைந்தது என்று சர்க்கார் சொல்லிற்று. அதே காரியத்தை மறுபக்கம் நின்று பார்த்தால் டாலரின் விலை 57.5 விழுக்காடு ஏறியிருந்தது. சர்க்கார் சொன்னது முதல் கணக்கு. வாங்குகிறவன் கொடுத்தது இரண்டாம் கணக்கு. உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்கின. குறைத்தால் ஆண்டுக்கு 90 கோடி டாலர் உதவி என்றார்கள். ஆளும் கட்சியின் தலைவராக இருந்த காமராசருக்கே இது பிடிக்கவில்லை. அவரைக் கலக்காமல் செய்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி. மழை 1965இலும் பொய்த்தது, 1966இலும் பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது. வியட்நாம் போரைப் பற்றி இந்திரா காந்தி அம்மையார் ஒரு வார்த்தை பேசியதும் அந்தக் கப்பல்கூட மெதுவாக வந்தது. ஐந்தாண்டுத் திட்டம் மூன்றாண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. பொறித்தொழில் ஆலைகளில் ஆர்டர் இல்லை. பஞ்சாலைகள் மூடிக் கிடந்தன. அவற்றை எடுத்து நடத்த 1968இல் தேசியப் பஞ்சாலைக் கழகம் என்று ஒன்றையே தொடங்க வேண்டி வந்தது. 1967 தேர்தலில் சென்னை மாநிலத்தில் ஆட்சி மாறியதற்கு இந்தியும் அரிசியும் காரணம் என்று எழுதுவார்கள். அரிசி எட்டாமல் போனதில் அந்த ஜூன் 6க்கும் பங்குண்டு.

இவையெல்லாம் பழைய கதை என்று தள்ளுகிறவர்கள், மீமிசல் கரையில் நின்று கிழக்கே பார்க்கட்டும். எதிர்க்கரை இலங்கை. 2022இல் அங்கே நடந்தது ஒரு நாணயத்தின் வீழ்ச்சி எப்படி ஒரு நாட்டின் மந்தமாக மாறும் என்பதற்குப் பாடம்.

2019 முடிவில் அங்கே ஆட்சிக்கு வந்தவர்கள் வருமான வரி, கம்பெனி வரி, விற்பனைமீதான மதிப்புக் கூட்டு வரி எல்லாவற்றையும் குறைத்தார்கள். வருவாய் போயிற்று. கொரோனாவால் சுற்றுலாப் பயணி வருவது நின்றது. 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தார்கள். நெல்லும் தேயிலையும் படுத்தன. டாலர் தீர்ந்தது. 2022 மார்ச் 7ஆம் நாள், அதுவரை டாலருக்கு 200 அளவில் பிடித்து வைத்திருந்த ரூபாயை அவிழ்த்து விட்டார்கள். மே மாதத்துக்குள் 360. ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். செப்டம்பரில் விலைவாசி உயர்வு 69.8 விழுக்காடு. பொருளாதாரம் அந்த ஆண்டில் ஏழு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிற்று. மறு ஆண்டிலும் சுருங்கிற்று. உலக வங்கிக் கணக்குப்படி 2021இல் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் ஏழைகள். 2022இல் இருபத்தைந்து பேர். பட்டினி தாங்காமல் மார்ச் 22ஆம் நாள் தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கினார்கள் தமிழர்கள், கைக்குழந்தையோடு. முன்பு குண்டுக்குப் பயந்து வந்தார்கள். இப்போது விலைவாசிக்குப் பயந்து வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் மே 18ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டது.

வடக்கு மாகாணத்தின் சின்னப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆயிற்று. யாழ்ப்பாணத்து மீனவன் படகைக் கரையில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தான். நம் கரை இழுவைப்படகுகளால் அவன் வலை அறுபடுகிறது என்று அவன் சொல்லும் குறை ஒன்றும் உண்டு. அதை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை, அதற்குத் தனியே எழுத வேண்டும். இங்கே சொல்ல வந்தது, இரண்டு கரைக்கும் எண்ணெய் ஒரே டாலரில்தான் வருகிறது என்பது.

இப்போது மலையகத்துக்கு வாருங்கள். புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் தேயிலை கிள்ளும் இடம். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் அவர்களுக்கு நாட்கூலி ஆயிரம் ரூபாய் கிடைத்தது. அன்றைய கணக்கில் ஐந்து டாலர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதே ஆயிரம் மூன்று டாலருக்கும் குறைவு. அவள் கிள்ளிய தேயிலை எந்தக் காசில் விற்கிறது? டாலரில். 2022இல் கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை, ரூபாய்க் கணக்கில், முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. உர விலை ஏறிற்று, விளைச்சல் குறைந்தது என்று தோட்டத் துரைமார் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இருமடங்கு விலையில் ஒரு காசுகூடக் கிள்ளியவள் கூலிக்குப் போகவேண்டாமா? அந்த ஆயிரம் 1,350 ஆவதற்கு 2024 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றரை ஆண்டு! பொருளை டாலரில் விற்றார்கள். உழைப்பை விழுந்த ரூபாயில் வாங்கினார்கள். நாணயம் விழுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பொருளாதார நூலிலும் கிடைக்காது.

அதோடு முடிந்ததா? 2023 மார்ச்சில் சர்வதேச நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. உள்நாட்டுக் கடனையும் குறைக்க வேண்டும் என்ற நிலை வந்தது. யார் விட்டுக்கொடுப்பது? சர்க்காருக்குக் கடன் கொடுத்திருந்தவர்கள் இரண்டு கூட்டம். வங்கிகள் ஒன்று, தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி மற்றொன்று. வங்கிகளின் கடன் பத்திரங்களைத் தொடவில்லை. தொட்டால் வங்கி கவிழும் என்றார்கள். சேமலாப நிதியிடம் சொன்னார்கள்: பழைய பத்திரத்தைத் திருப்பிக் கொடு, புதுப் பத்திரம் வாங்கிக்கொள், முதலில் சில ஆண்டு 12 விழுக்காடு வட்டி, பிறகு 9. ஒப்பாவிட்டால் உன் வருமானத்தின்மீதான வரி 14இலிருந்து 30 ஆகும். வாழ்நாள் முழுக்கத் தையல் ஆலையிலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்துக் கிழப்பருவத்துக்கு என்று சேர்த்த காசு! கடன் வாங்கியது அவளா? வரியைக் குறைத்தது அவளா? அந்த மேசையில் வங்கிக்காரருக்கு நாற்காலி இருந்தது, நிதியத்துக்கு நாற்காலி இருந்தது, அவளுக்கு இல்லை. நாற்காலி இல்லாதவள் பெயரில் பில் எழுதினார்கள்.

மதிப்புக் கூட்டு வரி? 15 ஆக இருந்ததை 8 ஆக்கினார்களே, அது 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. 2024இல் அங்கே பொருளாதாரம் ஐந்து விழுக்காடு வளர்ந்தது. ரூபாயும் 300 அளவுக்கு மீண்டது. பட்டணத்து ஏடுகள் "மீண்டது இலங்கை" என்று எழுதின. அந்த ஆண்டிலும் நாலில் ஒருவர் ஏழையாகவே இருந்தார் என்று அதே உலக வங்கி எழுதிற்று. நாணயம் திரும்பி வந்தது. பட்டினி திரும்பிப் போகவில்லை.

இந்தியா இலங்கையல்ல. நம் கடன் பெரும்பாலும் உள்நாட்டுக் கடன்; கையிருப்பு பெரிது. ஆகவே அங்கே நடந்தது அப்படியே இங்கே நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. பில் எழுதும் முறை ஒன்றுதான் என்று சொல்லுகிறோம். ரூபாய் விழும்போது மூன்று விதமான மனிதர் இருக்கிறார்கள். டாலரில் விற்பவன், டாலரில் வாங்குபவன், ரூபாயில் கூலி பெறுபவன். முதலாமவனுக்கு ஆதாயம், இரண்டாமவன் விலையை ஏற்றித் தப்பிக்கொள்கிறான். மூன்றாமவனுக்கு ஏற்றிக்கொள்ள எதுவும் இல்லை, கூலியைத் தவிர. அதையும் அவன் தனியாக நின்று ஏற்ற முடியாது.

சர்க்கார் ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. அது சும்மா வந்ததல்ல, சங்கம் கட்டிப் போராடி வாங்கியது. அவர்கள்மீது நமக்குப் பொறாமையில்லை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், மீன் கூடை சுமப்பவருக்கும், இறால் உரிப்பவருக்கும் அந்த ஏற்பாடு எங்கே? அவர்களுக்கு இருந்த ஒரே கைத்தடி நூறு நாள் வேலை. 2024-25இல் தமிழ்நாட்டில் அதன் நாட்கூலி 319 ரூபாய், 2025-26இல் 336. கடலிலும் பண்ணையிலும் வேலை நின்ற மாதங்களில் அந்த 336 ரூபாயாவது அடுப்பை எரிய வைத்தது. ரூபாய் தொண்ணூறைத் தாண்டிய அதே 2025 டிசம்பரில் டில்லி அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. நாட்கள் நூற்றிருபத்தைந்து என்று காகிதத்தில் கூட்டினார்கள். செலவில் நூற்றுக்கு நாற்பதை மாநிலத்தின் தலையில் வைத்தார்கள். பாமாயில் வித்தியாசத்தைச் சுமக்கும் அதே கருவூலத்தின் தலையில்! மந்தம் வரும் காலத்தில் மாநிலத்துக்கு வரி வருவாய் குறையும். அப்போது அந்த நாற்பது எங்கிருந்து வரும்? வராவிட்டால் நூற்றிருபத்தைந்து நாளில் எத்தனை நாள் மிஞ்சும்? டில்லியைக் கேட்கவேண்டிய கேள்வி இது. தொண்ணூறா தொண்ணூற்றைந்தா என்று டாலருக்குச் சோதிடம் பார்ப்பதில் நமக்கு வேலையில்லை.

மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், ஆவுடையார்கோவில் வட்டாரக் கிளைத் தோழர்கள் இந்த மாதக் கூட்டத்தில் ஒரு காரியம் செய்யவேண்டும். 2013இல் உங்கள் பகுதியில் இறால் உரிக்கும் கூலி என்ன, இன்று என்ன. விசைப்படகில் கடலுக்குப் போனவனுக்கு டீசல் செலவு போகக் கிடைத்த பங்கு என்ன, இன்று என்ன. சித்தாள் கூலி என்ன. ஒரு லிட்டர் டீசல், ஒரு கிலோ பருப்பு, ஒரு பவுன் தங்கம் அன்று என்ன, இன்று என்ன. சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும் தனியார் நிதிக் கம்பெனி நூற்றுக்கு எத்தனை வட்டி வாங்குகிறது, 5.25இலிருந்து அது எவ்வளவு தூரம். வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம். தொகையும் ஆண்டும் போதும். வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினால், வட்டாட்சியரிடமும் தொழிலாளர் அதிகாரியிடமும் கூலி பேசப் போகும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.